கொழுப்பா, நோயா?

2025 ஜூன் 23. நடிகர் ஸ்ரீகாந்த் கைது. கொக்கைன் வாங்கிப் பயன்படுத்தினார் என்பது சென்னை போலீஸ் சொன்ன குற்றச்சாட்டு. மூன்றே நாளில் நடிகர் கிருஷ்ணாவும் கைது. ஜூலை 8-ம் தேதி இருவருக்கும் சென்னை உயர் நீதிமன்றம் நிபந்தனை ஜாமீன் கொடுத்தது. அவர்கள் குற்றவாளிகளா இல்லையா என்பதைக் கோர்ட் சொல்லட்டும். அந்த வேலையை நீங்களும் நானும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எனக்கு அந்தச் செய்தியைவிட, அதை ஊர் பார்த்த விதம்தான் முக்கியமாகப் பட்டது.

அந்த வாரம் நான் ராதாபுரத்தில் இருந்தேன். திருநெல்வேலியிலிருந்து தெற்கே சுமார் 60 கிலோமீட்டர். செம்மண், பனைமரம், தலைக்கு மேலே சுற்றும் காற்றாலை. கூடங்குளம் இந்தத் தாலுகாவில்தான் இருக்கிறது என்றால் உங்களுக்கு இடம் பிடிபடும். ஆனி மாசக் காற்று ஆளைத் தள்ளிக்கொண்டிருந்தது. டீக்கடைக்குள் ஒதுங்கினால், டி.வி.யில் ஸ்ரீகாந்த்தைத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

கொக்கைன் வெள்ளையா கறுப்பா என்றுகூட அந்தக் கடையில் பலருக்குத் தெரியாது. ஆனால் அபிப்பிராயம் எல்லோரிடமும் இருந்தது.

"துட்டு கூடிப்போச்சுன்னா கொழுப்பெடுக்கத்தான்வே செய்யும்!"

"ஒரு தடவ தொட்டாப் போதும் அண்ணாச்சி. அப்புறம் சங்குதான்."

"நாலு சாத்து சாத்துனா எல்லாம் சரியாப் போவும்."

"எங்க... இவனுவல்லாம் திருந்தவா போறானுவ?"

கொழுப்பைப் பற்றிச் சொன்ன பெரியவர், சொல்லி முடித்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். மணி பதினொன்றே முக்கால். பன்னிரண்டு மணிக்கு டாஸ்மாக் திறக்கும். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து நடந்தார்.

கிராமத்து ஆளைக் கிண்டல் செய்வதாக நினைக்க வேண்டாம். அடுத்த வாரம் சென்னையில், ஏ.சி. அறையில், படித்தவர்கள் கூடியிருந்த ஓர் இடத்தில் இதே நாலு தீர்ப்பையும் ஆங்கிலத்தில் கேட்டேன். அவர்கள் கையில் கிளாஸ் இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த நாலையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிடலாம். ஏனென்றால், நட்சத்திரங்களைப் பற்றிச் சொல்லப்படும் இந்தத் தீர்ப்புகளால் நட்சத்திரங்களுக்குப் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. அடி வேறு யாருக்கோ விழுகிறது.

*

முதலில் அந்தக் கொழுப்பு.

மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை நாடு முழுக்க ஒரு கணக்கெடுப்பு நடத்தி, 2019-ல் வெளியிட்டது. 10 வயதிலிருந்து 75 வயது வரை உள்ளவர்களில் கொக்கைன் பயன்படுத்துகிறவர்கள் ஆயிரத்தில் ஒருவர். மது குடிக்கிறவர்கள் சுமார் 16 கோடிப் பேர். அதில் 5.7 கோடிப் பேருக்குக் குடி ஏற்கெனவே பிரச்னையாகிவிட்டது, யாராவது உதவி செய்தாக வேண்டும் என்ற நிலைமை. மூன்று பேர் குடித்தால் அதில் ஒருவர் சிக்கலில் இருக்கிறார் என்று அர்த்தம். இந்த 5.7 கோடிப் பேரும் துட்டு கூடிப்போனவர்களா?

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். பெரும்பாலும் கூலி வேலை செய்கிறவர்கள், பாக்கெட் சாராயம் குடித்தவர்கள். குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று அரசு அறிவித்ததும் என்ன பேசினோம்? "திமிரெடுத்துக் குடிச்சுச் செத்தவனுக்கு எதுக்கு பத்து லட்சம்?" என்று பேசினோம். ஆக, பணக்காரன் பழகினால் பணத்திமிர். ஏழை பழகினால் பணமில்லாத திமிர். எந்தப் பக்கம் போட்டாலும் தலை விழுகிற காசு இது. இப்படி எதற்கும் பொருந்துகிற விளக்கத்தால் எதையும் விளக்க முடியாது.

நட்சத்திரக் கதைதான் வேண்டும் என்றால் நம் ஊரிலேயே இருக்கிறது. தூத்துக்குடியில் பிறந்த சந்திரபாபு. தமிழ்நாட்டையே சிரிக்க வைத்தவர், குடியிலும் கடனிலும் சிக்கி 1974 மார்ச்சில் இறந்தபோது வயது 46. சாவித்திரி 19 மாதம் நினைவில்லாமல் கிடந்து 1981 டிசம்பர் 26-ம் தேதி போய்ச் சேர்ந்தார். குடியும் சர்க்கரை நோயும் சேர்ந்து செய்த வேலை. இவர்கள் இரண்டு பேரும் பணம் இருந்தபோது குடித்தார்கள். பணம் போன பிறகும் குடித்தார்கள். கொழுப்புதான் காரணம் என்றால், கொழுப்பு கரைந்தபோதே குடியும் நின்றிருக்க வேண்டுமே!

சாவித்திரிக்கு மட்டும் இன்னொரு விளக்கமும் வைத்திருக்கிறோம். காதல் தோல்வி. ஒரு மனுஷிக்கு வந்த நோயை ஜெமினி கணேசன் என்ற ஒரே பேரில் எழுதி மூடிவிட்டோம். குடித்தது ஆணாக இருந்தால் 'பாவம், கலைஞன்' என்போம். கண்ணதாசன் தன் குடியை ஒளிக்கவில்லை, நாமும் அவரைக் குறைத்து மதிக்கவில்லை. பெண் குடித்தால் மட்டும் 'சீரழிந்த கதை' என்று தலைப்பு வைப்போம். அதனால்தான் குடிப்பழக்கத்தில் சிக்கிய பெண்கள் டாக்டரிடம் போகக்கூடப் பயப்படுகிறார்கள்.

டாக்டர்கள் சொல்கிற காரணங்கள் இத்தனை சுவாரஸ்யமானவை அல்ல. அடிமையாகும் அபாயத்தில் ஏறக்குறையப் பாதி, பிறக்கும்போதே பரம்பரையில் வருகிறது. மீதிப் பாதியில் எந்த வயதில் ஆரம்பித்தோம், சின்ன வயசில் பட்ட காயம் என்ன, மனச்சோர்வு மாதிரி வேறு நோய் உள்ளே இருக்கிறதா, சரக்கு எவ்வளவு சுலபமாகக் கிடைக்கிறது என்பதெல்லாம் வரும். கடைசியாகச் சொன்னதைக் கொஞ்சம் கவனியுங்கள். 2003-ல் டாஸ்மாக்கே சில்லறைக் கடைகளையும் கையில் எடுத்துக்கொண்டது. 2024-25-ல் மது விற்பனையால் தமிழக அரசுக்கு வந்த வருமானம் சுமார் 48,000 கோடி ரூபாய். கொக்கைன் பாக்கெட்டைக் கண்டுபிடிக்கத் தனிப்படை போட வேண்டியிருக்கிறது. இது ராதாபுரம் மாதிரி ஊரில்கூடத் தேடாமலே கிடைக்கிறது.

*

இரண்டாவது. 'ஒரு தடவ தொட்டாப் போதும்.'

இதை நாம் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறோம். பிள்ளைகள் பயந்து ஒதுங்கட்டும் என்று. ஆனால் இது உண்மை இல்லை.

அமெரிக்காவில் ஜேம்ஸ் ஆண்டனி என்ற ஆராய்ச்சியாளரின் குழு 1994-ல் ஒரு கணக்கு வெளியிட்டது. வாழ்க்கையில் ஒரு தடவையாவது தொட்டுப் பார்த்தவர்களில் எத்தனை பேர் அடிமையானார்கள்? கஞ்சாவில் நூற்றுக்கு 9. மதுவில் 15. கொக்கைனில் 17. ஹெராயினில் 23. எல்லாவற்றுக்கும் மேலே முதலிடத்தில் ஒன்று இருக்கிறது, 32 பேர். அது புகையிலை! பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்குகிற சமாசாரம்.

அப்படியென்றால் கொக்கைன் பரவாயில்லை என்கிறீர்களா என்று யாரும் கடிதம் எழுத வேண்டாம். தாமிரபரணியில் சுழல் இருக்கிற இடம் என்று தெரிந்தே நூறு பேர் இறங்குகிறார்கள். 83 பேர் கரையேறிவிடுகிறார்கள், 17 பேரைச் சுழல் இழுத்துக்கொள்கிறது. யார் அந்தப் 17 என்பது இறங்குவதற்கு முன்னால் யார் நெற்றியிலும் எழுதியிருக்காது. இப்படிப்பட்ட இடத்தில் உங்கள் பிள்ளையை இறங்க விடுவீர்களா? தவிர, கொக்கைன் முதல் தடவையிலேயே இதயத்தை நிறுத்தவும் கூடும். பயப்பட இந்த உண்மைகளே போதும். பொய் எதற்கு?

பொய்யால் என்ன கெடுதல் என்று கேட்கலாம். ஒரு பையன் கல்லூரி ஹாஸ்டலில் ஒரு தடவை இழுத்துப் பார்க்கிறான். மறுநாள் காலையில் எழுந்து குளித்து, வகுப்புக்குப் போகிறான். ஒன்றும் ஆகவில்லை. 'வாத்தியார் சொன்னது பொய், அப்பா சொன்னதும் பொய்' என்று அவன் முடிவு கட்டுகிறான். அதன் பிறகு நீங்கள் சொல்லும் எந்த உண்மையும் அவன் காதில் ஏறாது. அடிமைத்தனம் இடி மாதிரி விழுவதில்லை. கரையான் மாதிரி வருகிறது. கதவு நிலை பார்க்க அப்படியேதான் இருக்கும், ஒரு நாள் கை வைத்தால் உள்ளே ஒன்றும் இருக்காது.

இதில் இன்னொரு மூடநம்பிக்கையும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. போதை என்றால் வெள்ளைப் பவுடர், வெளிநாட்டுச் சரக்கு என்பது. 2011-ல் பாடகி ஏமி வைன்ஹவுஸ் 27 வயதில் இறந்தபோது உலகமே ஹெராயின், கொக்கைன் என்றுதான் பேசியது. பரிசோதனையில் அந்த மாதிரி எதுவும் உடம்பில் இல்லை. அவரைக் கொன்றது கடையில் காசு கொடுத்து வாங்கிய மதுதான். 2009-ல் மைக்கேல் ஜாக்சனைக் கொன்றது ஆபரேஷன் தியேட்டரில் கொடுக்கிற மயக்க மருந்து. அதை வீட்டில் வைத்துக் கொடுத்தவர் ஒரு டாக்டர், 2011-ல் தண்டனை பெற்றார். நம் ஊரிலும் வலி மாத்திரையைக் கரைத்து ஊசி ஏற்றிக்கொள்ளும் பையன்கள் போலீஸில் சிக்குவதைப் பேப்பரில் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். மகன் பையில் வெள்ளைப் பவுடரைத் தேடுகிற அப்பாவுக்கு, அதே பையில் இருக்கிற மாத்திரை அட்டை கண்ணில் படுவதில்லை.

*

மூன்றாவதுதான் ரொம்ப ஆபத்தானது. 'நாலு சாத்து சாத்துனா சரியாப் போவும்.' இதற்கு நாகரிகமான வடிவமும் உண்டு. 'மனசு வச்சா விட்டுரலாம்.'

'மாஸ்டர்' படம் 2021-ல் வந்தது. விஜய் அதில் எந்நேரமும் குடிக்கிற பேராசிரியர். தன் குடியால் இரண்டு பையன்கள் உயிர் போய்விட்டது என்று தெரிந்ததும், குடியை விட்டுவிடுகிறார். அப்புறம் நேராகச் சண்டைக்குப் போகலாம். கை நடுங்காது, தூக்கம் கெடாது. 'கைதி', 'விக்ரம்' மாதிரிப் படங்களில் போதைப்பொருள் என்பது வில்லன் பதுக்கிவைக்கும் சரக்கு. ஹீரோ அழிக்க வேண்டிய மூட்டை. அந்த மூட்டையிலிருந்து ஒரு பொட்டலம் வீட்டுக்குள் வந்தால் அந்த வீட்டில் என்ன நடக்கும், அவனை எந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார்கள் என்பதைக் காட்ட நம் சினிமாவுக்கு நேரம் இருப்பதில்லை. அதிர்ச்சி, கண்ணீர், சத்தியம், விடுதலை. இந்த வரிசையை நாமும் நம்பிவிட்டோம்.

என் பெரியப்பா மகன் ஒருவர் ராதாபுரம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் கொத்தனார். கெட்டிக்கார வேலைக்காரர். பதினைந்து வருஷக் குடி. கடைசி மூன்று நாலு வருஷம் காலையில் கண் விழித்ததும் ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் கரண்டி கையில் நிற்கும். ஒரு கோவில் கொடையின்போது மதினி அழுது புரண்டு, பிள்ளைகள் தலைமேல் கை வைக்கச் சொல்லி, சாமி முன்னால் கயிறு கட்டிவிட்டாள். அண்ணாச்சியும் உண்மையாகவே மனசு வைத்தார். அன்றைக்கு ராத்திரியே நிறுத்திவிட்டார்.

இரண்டாம் நாள் உடம்பெல்லாம் நடுக்கம், வேர்வை. மூன்றாம் நாள் ராத்திரி சுவரில் எறும்பு ஊர்கிறது என்று தட்டிவிட ஆரம்பித்தார். எறும்பு இல்லை. செத்துப்போன தன் அப்பாவோடு பேசினார். வீட்டில் எல்லோரும் 'மாடன் இறங்கிட்டான்' என்றார்கள். உவரிக்குக் கூட்டிப்போகலாமா, கோடாங்கியைக் கூப்பிடலாமா என்று வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தபோதே வலிப்பு வந்துவிட்டது. நல்லவேளையாக யாரோ ஒரு பையன் 108-க்குப் போன் பண்ணினான். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் காப்பாற்றினார்கள்.

அங்கே ஒரு டாக்டர் சொன்னதை இங்கே எழுதியே ஆக வேண்டும். "குடிய விட்டதுல தப்பே இல்ல. யாருகிட்டயும் கேக்காம ஒரே நாள்ல விட்டதுதான் தப்பு. இன்னும் ஒரு ராத்திரி போயிருந்தா ஆளு இல்ல."

தினமும் மதுவில் ஊறிய மூளை, அந்த மதுவுக்கு எதிராக முழு வேகத்தில் ஓடப் பழகியிருக்கும். திடீரென்று மதுவை எடுத்துவிட்டால் பிரேக் இல்லாத லாரி மாதிரி ஆகிவிடும். நடுக்கம், வலிப்பு, பிதற்றல், சில சமயம் சாவு. இதை டாக்டர்கள் சில நாள் மாத்திரை கொடுத்து, வைட்டமின் பி-1 ஏற்றி, பக்குவமாக இறக்கிவிடுவார்கள். பெரிய செலவு இல்லை. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவில் செய்கிற வேலைதான். ஆனால் அங்கே போவதற்கு முதலில் அதை நோய் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். கொழுப்பு என்று நினைக்கிற வரைக்கும் கோவிலுக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும்தான் கூட்டிப்போவோம்.

பஸ் ஸ்டாண்ட் சுவர்களில் ஒரு நோட்டீஸ் பார்த்திருப்பீர்கள். 'குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்.' சோற்றிலோ காப்பியிலோ கலந்துவிட ஒரு பவுடர். தயவுசெய்து வாங்காதீர்கள். டைசல்ஃபிரம் என்று டாக்டர்கள் தருகிற ஒரு மாத்திரை உண்டு. அதைச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் வாந்தி, படபடப்பு, ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து. அதனால்தான் நோயாளிக்குச் சொல்லி, அவர் சம்மதத்தோடு, கண்காணித்துக் கொடுக்கிறார்கள். தெரியாமல் கொடுத்தால் அதற்குப் பெயர் வைத்தியம் இல்லை. அந்தப் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று விற்கிறவருக்காவது தெரியுமா?

அடித்தால் திருந்துவான் என்பதை வியாபாரமாகவே ஆக்கிவிட்ட 'மறுவாழ்வு மையங்கள்' சில உண்டு. அடைத்துவைத்து அடித்ததாக, உள்ளே போனவர் பிணமாக வந்ததாகச் செய்திகள் வந்திருக்கின்றன. அடியால் குணமாகும் என்றால், வீட்டிலும் ஸ்டேஷனிலும் இத்தனை வருஷமாக வாங்கிய அடிக்கே இந்த மாநிலத்தில் ஒருவரும் குடித்துக்கொண்டிருக்கக் கூடாது.

*

நாலாவது. 'திருந்தவா போறானுவ?'

ராபர்ட் டவுனி ஜூனியர். 1996-ல் ஹெராயின், கொக்கைன், துப்பாக்கியோடு பிடிபட்டார். விட்டார்கள், மறுபடி மாட்டினார். 1999-ல் ஜெயில். 2000-ல் வெளியே வந்த சில மாதங்களில் திரும்பவும் கைது. 2001-ல் இன்னொரு முறை. நம் டீக்கடை அண்ணாச்சி என்ன, ஹாலிவுட்டே அவரைக் கை கழுவியது. அவரை வைத்துப் படம் எடுத்தால் இன்ஷூரன்ஸ் கிடையாது. அந்த நேரத்தில் நண்பர் மெல் கிப்சன் தன் பணத்தை ஜாமீனாகக் கட்டி ஒரு படத்தில் நடிக்க வைத்தார். 2003-ல் வந்தது அந்தப் படம். 2008-ல் 'அயர்ன் மேன்'. 2024-ல் ஆஸ்கர்.

நம் ஊர் சஞ்சய் தத்தும் அப்படித்தான். தானே அப்பாவிடம் போய்க் காப்பாற்றச் சொல்லிக் கேட்டதாகப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அப்பா சுனில் தத் அடிக்கவில்லை, அமெரிக்காவுக்குச் சிகிச்சைக்கு அனுப்பினார்.

பணம் இருந்தது, மீண்டார்கள் என்பீர்கள். முழுக்கச் சரியில்லை. 'ஃப்ரெண்ட்ஸ்' தொடரில் நடித்த மேத்யூ பெர்ரியிடம் இல்லாத பணமா? எத்தனையோ முறை சிகிச்சை எடுத்தார், அதைப் பற்றிப் புத்தகமே எழுதினார். 2023 அக்டோபரில் கெட்டமைன் அவரை முடித்தது. அவருக்கு அதைக் கொடுத்ததாக 2024-ல் இரண்டு டாக்டர்கள் உட்பட ஐந்து பேர் மேல் வழக்கு. காசு இருந்தால் நல்ல டாக்டரும் கிடைப்பார், கேட்டதைக் கொடுக்கிற டாக்டரும் கிடைப்பார்.

அப்படியானால் மீட்பது எது?

வியட்நாம் போரில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களில் ஐந்தில் ஒருவர் ஹெராயின் வகைப் போதைக்கு அடிமை என்று 1971-ல் தெரியவந்ததும் அந்த நாடே நடுங்கியது. இவர்கள் ஊருக்குத் திரும்பினால் தெருவெல்லாம் ஹெராயின் ஓடும் என்று பயந்தார்கள். லீ ராபின்ஸ் என்ற ஆராய்ச்சியாளர், போதையைத் தெளியவைத்து அனுப்பிய அந்தச் சிப்பாய்களைத் தேடிப் போய்ப் பார்த்தார். அங்கே அடிமையாக இருந்தவர்களில், ஊர் திரும்பிய முதல் வருஷத்தில் மறுபடி அடிமையானவர்கள் நூற்றுக்கு 5 பேர்தான். மூன்று வருஷம் கழித்துப் பார்த்தாலும் 12 பேர். அப்போது யாரும் இதை நம்பவில்லை.

எல்லோருக்கும் இது பொருந்தாது. போர்க்களத்தை விட்டு வருவதுபோலக் கொத்தனார் தன் ஊரை விட்டுவிட்டு வர முடியாது. ஆனால் ஒன்று தெரிகிறது. போதையை விட்டவனுக்குத் திரும்பிப் போக ஓர் இடம் வேண்டும். வேலை, வீடு, நம்பி ஒரு வேலையைக் கொடுக்க ஒரு மனுஷன். டவுனிக்கு ஒரு கிப்சன் கிடைத்தார்.

எங்கள் அண்ணாச்சி ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஏழு மாதம் தொடவில்லை. ஒரு கல்யாண வீட்டில் தொட்டார். 'நான் அன்னைக்கே சொன்னேம்லா' என்று ஊரே சிரித்தது. இரண்டாம் தடவை ஆஸ்பத்திரிக்குப் போக அவர் பட்ட வெட்கம், முதல் தடவை பட்ட வலியைவிடப் பெரிசு. சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை மறுபடி ஏறினால் மருந்தை மாற்றுகிறோம். குடிநோயாளிக்கு மறுபடி வந்தால் ஆளையே மாற்றாகப் பார்க்கிறோம். மறுபடி வருவது இந்த நோயின் குணம். அவர் இரண்டாம் தடவை வந்த பிறகு ஒரு மேஸ்திரி, "நாளையிலேருந்து வாரும்வே, சம்பளத்த மட்டும் மதினி கையில குடுத்துருதேன்" என்று வேலைக்குக் கூப்பிட்டார். எந்தப் பேப்பரிலும் வராத இந்த மேஸ்திரி, நான் பார்த்த வரையில், கிப்சனைவிடப் பெரிய ஆள். அண்ணாச்சி இப்போது நாலாவது வருஷமாகக் குடிக்காமல் இருக்கிறார்.

*

நட்சத்திரம் கைதாகும்போது நமக்கு ஒரு ரகசிய சந்தோஷம் வருகிறது. வியாதி அவர்கள் தெருவில் இருக்கிறது, நம் தெருவில் இல்லை என்ற நிம்மதி. அந்த நிம்மதிக்கு விலை கொடுக்கிறவர்கள் நம் தெருவில்தான் இருக்கிறார்கள். டி.வி.யில் ஒரு நடிகரைப் பார்த்து நாம் 'கொழுப்பு' என்று சொல்லும்போது, உள் அறையில் கை நடுங்க உட்கார்ந்திருக்கும் தம்பி அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். தன் நோய்க்கு இந்த வீட்டில் என்ன பெயர் என்று தெரிந்துகொள்கிறான். பிறகு ஏன் வாயைத் திறக்கப் போகிறான்?

அதே எய்ம்ஸ் கணக்கெடுப்பில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. மதுவுக்கு அடிமையான 38 பேரில், ஏதாவது ஒரு சிகிச்சையாவது கிடைத்தது என்று சொன்னவர் ஒரே ஒருவர். மீதி 37 பேர் எங்கே? டாக்டர் இல்லை, படுக்கை இல்லை என்பதெல்லாம் உண்மை. அரசு இதற்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். விற்பதற்குத் தாலுகா தாலுகாவாகக் கடை வைக்கத் தெரிந்த அரசுக்கு, தாலுகா ஆஸ்பத்திரியில் இந்த நோய்க்கு நாலு கட்டில் போடத் தெரியாதா? ராதாபுரத்துக்காரர் ஒருவர் வலிப்போடு 60 கிலோமீட்டர் ஏன் போக வேண்டும்?

ஆனால் வெட்கத்தால் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டவர்களுக்கு நாம்தான் பொறுப்பு.

சட்டம்கூட நம்மைவிடக் கொஞ்சம் இரக்கமாக யோசித்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 1985-ம் வருஷத்துப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 64-ஏ என்று ஒரு பிரிவு. போதைக்கு அடிமையான ஒருவர், பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கினாலும், தானே முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அங்கீகாரம் பெற்ற மையத்திலோ சிகிச்சை எடுத்து முடித்தால், அந்தக் குற்றத்துக்கு அவர் மேல் வழக்கு நடத்தக் கூடாது. விற்கிறவனுக்கு இது கிடையாது. பயந்துபோய் மகனை ஒளித்துவைக்கிற பெற்றோர் இதைத் தெரிந்துகொண்டு ஒரு வக்கீலையும் ஒரு டாக்டரையும் பார்க்கலாம்.

சென்னையில் சாந்தி ரங்கநாதன் இருக்கிறார். டி.டி.கே. குடும்பத்து மருமகள். கணவர் ரங்கநாதன் குடிநோயால் இளம் வயதிலேயே இறந்துபோனார். பெரிய இடத்து விஷயம், மூடி மறைத்திருக்கலாம். அவர் கணவரின் பெயரிலேயே 1980-ல் ஒரு சிகிச்சை அமைப்பைத் தொடங்கினார். டி.டி.கே. ஆஸ்பத்திரி என்று இன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்த இடம் அது. தன் வீட்டுத் துக்கத்தை 'நோய்' என்று வெளியே சொன்ன ஒரு பெண்ணால் எத்தனையோ குடும்பங்கள் பிழைத்தன.

அடுத்த நடிகர் எப்போதாவது கைதாகத்தான் போகிறார். அன்றைக்கு டி.வி. முன்னால் உட்கார்ந்து என்ன வார்த்தை சொல்லப் போகிறோம் என்பதை இப்போதே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் உங்கள் வீட்டிலோ தெருவிலோ அந்த 37 பேரில் ஒருவர் இருந்தால், போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. இலவசம்தான். பேர் சொல்ல வெட்கமாக இருந்தால், பேர் சொல்லாமலே விஷயத்தைச் சொல்லலாம்.